புவியியலும் அரசியலும் படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், பி.காம்., பிறகு சி.ஏ. என்று வீட்டில் போட்டு வைத்திருந்த திட்டத்தை விட்டுவிட்டு, நிலமும் நீரும் நாடுகளின் அரசியலை எப்படி நடத்துகின்றன, அந்த அரசியல் நிலத்தையும் நீரையும் எப்படி மாற்றுகிறது என்பதைத்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். இது உண்மையிலேயே ஒரு படிப்பா, அல்லது செய்தி பார்க்கிற ஆர்வத்துக்கு வைத்த இன்னொரு பெயரா என்பது உங்கள் முதல் கேள்வி. புவியியல் படித்தவருக்குப் பள்ளி ஆசிரியர் பணியை விட்டால் வேறென்ன வேலை இருக்கிறது என்பது அடுத்தது. முதல் கேள்விக்கு விடை தெளிவானால்தான் இரண்டாவதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதித் துறையில் இருக்கும் உங்களுக்கு இந்தப் பாடம் முற்றிலும் புதிதன்று. 2023ஆம் ஆண்டின் இறுதியில் யேமனின் ஹூதி படையினர் செங்கடலில் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்குச் செல்லும் கன்டெய்னர் கப்பல்களில் பெரும்பாலானவை சூயஸ் கால்வாயைக் கைவிட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் பத்து நாட்கள் வரையிலும் அதற்கு மேலும் நீண்டது. கப்பல் கட்டணமும் காப்பீட்டுச் செலவும் ஏறின. செங்கடலின் தெற்கு வாயிலான பாப் எல் மாண்டெப் நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமே உடையது. அதன் ஒரு கரையில் நடக்கும் உள்நாட்டுப் போர் உங்கள் நிறுவனத்தின் லாபக் கணக்கில் வந்து நின்றது எப்படி என்று கேட்பதுதான் உங்கள் மகள் படிக்க விரும்பும் துறையின் தொழில்.

அதே நீரிணையின் எதிர்க்கரைக்கு வந்து, அங்கிருந்து மேற்கே எத்தியோப்பியாவுக்குப் போவோம். மாணவர்களிடம் நான் பெரும்பாலும் இந்த நாட்டை முன்வைத்தே இத்துறையை விளக்குகிறேன். எகிப்தை வந்தடையும் நைல் நதி நீரில் ஏறத்தாழ 85 விழுக்காடு எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்யும் மழையிலிருந்து வருகிறது. எகிப்திலோ மழை மிகக் குறைவு. அதன் மக்களில் மிகப் பெரும்பாலோர் ஆற்றங்கரையிலும் கழிமுகத்திலும் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். நிலப்படத்தை மட்டும் பார்ப்பவர், மேல்மடைக்காரனான எத்தியோப்பியாவின் கைதான் ஓங்கியிருக்கும் என்று சொல்லிவிடுவார். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நடந்தது அதற்கு நேர்மாறானது. 1929இல் பிரிட்டன், தன் ஆளுகையிலிருந்த மேல்மடைப் பகுதிகளின் சார்பில் எகிப்துடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. 1959இல் எகிப்தும் சூடானும் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டில் ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர் எகிப்துக்கு, 1,850 கோடி கன மீட்டர் சூடானுக்கு என்று ஆறு பங்கு பிரிக்கப்பட்டது. நீரின் பெரும்பகுதியைத் தரும் எத்தியோப்பியா அந்த உடன்பாட்டில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

இதற்கு விடையை நில அமைப்பில் தேடினால் கிடைக்காது. எகிப்திடம் வலுவான ராணுவமும், உலக வணிகம் கடந்து செல்லும் கால்வாயும், 1970இல் கட்டி முடித்த அஸ்வான் உயரணைக்குச் சோவியத் ஒன்றியம் தந்த பணமும் தொழில்நுட்பமும் இருந்தன. எத்தியோப்பியா பஞ்சத்திலும், 1991 வரை நீண்ட உள்நாட்டுப் போரிலும் சிக்கியிருந்தது. மேட்டுநிலம் இருந்தும் அதில் அணை கட்டும் வலு அதற்கு இல்லை. அந்த வலு வந்த நேரத்தைக் கவனியுங்கள்: 2011 பிப்ரவரியில் எகிப்தில் அதிபர் முபாரக்கின் ஆட்சி கவிழ்ந்தது, அதே ஆண்டு ஏப்ரலில் நைலின் முக்கியக் கிளையான நீல நைலின் குறுக்கே மாபெரும் மறுமலர்ச்சி அணைக்கு எத்தியோப்பியா அடிக்கல் நாட்டியது. வெளிநாட்டுக் கடனை நம்பாமல், தன் குடிமக்களிடம் கடன் பத்திரங்களை விற்றும் அரசு ஊழியர்களின் பங்களிப்பைப் பெற்றும் கட்டிய அந்த அணை 2025 செப்டம்பரில் முறைப்படி திறக்கப்பட்டது. அதன் மின் உற்பத்தித் திறன் 5,150 மெகாவாட். கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர், அதாவது நம் மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு. ஆறு அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆட்சிகள் மாறியதால் அதன் பொருள் மாறிவிட்டது.

கதை இத்துடன் முடியவில்லை. 1993இல் எரித்ரியா தனி நாடானபோது அசாப், மசாவா ஆகிய துறைமுகங்களோடு கடற்கரை முழுவதையும் எத்தியோப்பியா இழந்தது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்த நாட்டின் கடல்வழி வணிகத்தில் பெரும்பகுதி இன்று ஜிபூத்தி என்ற சிறிய அண்டை நாட்டின் துறைமுகம் வழியாகவே நடக்கிறது. அமெரிக்கா, பிரான்ஸ், சீனா, ஜப்பான் ஆகியவற்றின் ராணுவத் தளங்களுக்கு இடம் கொடுத்திருக்கும் ஜிபூத்தி அமைந்திருப்பது, உங்கள் சரக்குக்கு வழி மறித்த அதே பாப் எல் மாண்டெப் நீரிணையின் ஓரத்தில்தான். 2024 ஜனவரி 1 அன்று, கடற்கரையில் இடம் பெறுவதற்காக எத்தியோப்பியா, சோமாலியாவிலிருந்து பிரிந்து தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்துடன் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. சோமாலிலாந்தைத் தன் பகுதியாகக் கருதும் சோமாலியா கொதித்தெழுந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே எகிப்து சோமாலியாவுடன் ராணுவ ஒத்துழைப்பு உடன்பாடு செய்துகொண்டது. ஆற்றில் தோன்றிய பகை கடற்கரையில் போய் நின்றது. இறுதியில் துருக்கி இடையில் புகுந்து டிசம்பரில் எத்தியோப்பியாவையும் சோமாலியாவையும் தன் தலைநகர் அங்காராவில் பேச வைத்தது. நீரில் மேல்மடையில் இருக்கும் நாடு கடலுக்கு அண்டை வீட்டாரின் வாசலை நம்பியிருக்கிறது என்ற இந்த முரணை ஒரு மாணவர் பிடித்துக்கொண்டால், வடகிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் செய்திகளில் பாதியை அவரால் முன்கூட்டியே ஊகிக்க முடியும்.

இதில் வேலைக்கான திறன் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். 2020 ஜூலையில் மறுமலர்ச்சி அணை குறித்து எத்தியோப்பியா, சூடான், எகிப்து ஆகிய மூன்று நாடுகளின் பேச்சுவார்த்தை முடிவடையாமல் இழுத்துக்கொண்டிருந்தபோதே, அணைக்குப் பின்னால் நீர்ப்பரப்பு விரிவதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டிவிட்டன. முதல் கட்ட நிரப்புதல் முடிந்ததாக எத்தியோப்பியா அறிவித்தது அதன் பிறகுதான். அந்தப் படங்கள் பொதுமக்கள் எவரும் இணையத்தில் இலவசமாகப் பெறக்கூடியவை. அவற்றைத் தரவிறக்கி, இரண்டு தேதிகளின் நீர்ப்பரப்பை ஒப்பிட்டு, எவ்வளவு நீர் சேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதற்கு அரசியல் பொருள் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. அதே செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்பவருக்கு வேலை இல்லை. உங்கள் மகளை இந்த இரண்டில் முதல் வகையாக ஆக்கும் படிப்பைத் தேடுவதே நம் பணி.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். நாட்டின் விதியை நிலப்படமே எழுதிவிடுகிறது என்று அடித்துப் பேசும் காணொலிகள் இப்போது ஏராளமாக வருகின்றன. உங்கள் மகளின் ஆர்வமும் அவற்றிலிருந்தே தொடங்கியிருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரையை இழந்த பொலிவியா, இன்றும் ஒரு கடற்படையை வைத்துக்கொண்டு, சர்வதேச நீதிமன்றம் வரை போய் 2018இல் தோற்றுத் திரும்பியது. அதே போலக் கடலில்லாத சுவிட்சர்லாந்தோ ரைன் நதி வழியாகவும், அண்டை நாடுகளுடன் செய்த உடன்பாடுகள் வழியாகவும் செல்வம் சேர்த்தது. கடலில்லாமை இரண்டுக்கும் பொது, விளைவு வேறு. நிலமே விதி என்ற வாதம் எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதற்கு இத்துறையின் வரலாறே சாட்சி: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் அறிஞர் ராட்ஸெல் பரப்பிய ‘வாழ்வதற்கான வெளி’ என்ற கருத்தை நாஜிகள் தம் நில ஆக்கிரமிப்புக்கு நியாயமாகப் பயன்படுத்தினார்கள். நல்ல ஆசிரியர் இதை முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுப்பார்.

இனி எங்கே, எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். இளநிலையில் ‘புவிசார் அரசியல்’ என்ற பளபளப்பான பெயரோடு வரும் படிப்புகளைத் தேட வேண்டாம். நேராகப் புவியியல் இளநிலைப் பட்டத்தில் சேர்ப்பதே என் பரிந்துரை. வரைபடம், புள்ளியியல், கள ஆய்வு ஆகிய மூன்றையும் அது கட்டாயமாகக் கற்றுத்தரும். அரசியலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அரசியல் மட்டும் படித்தவர் பின்னாளில் தொழில்நுட்பத்தைக் கற்பது கடினம். உங்களுக்கு அருகில் கோவை அரசு கலைக் கல்லூரியிலும், சென்னையில் மாநிலக் கல்லூரியிலும் ராணி மேரிக் கல்லூரியிலும் இத்துறை உண்டு. அரசுக் கல்லூரிகள் என்பதால் கட்டணம் சுமையாக இருக்காது. வெளியூருக்கு அனுப்பத் தயங்காவிட்டால், கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வின் வழியாக டெல்லி பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கும் முயலலாம். வணிகவியல் பிரிவில் படித்தவருக்கு எந்தக் கல்லூரி இடம் தருகிறது என்ற விதி இடத்துக்கு இடம் மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

பட்டம் மட்டும் போதாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். நிலப்படத்தையும் தரவுகளையும் கணினியில் இணைத்து ஆராயும் புவியியல் தகவல் அமைப்பு, அதாவது ஜி.ஐ.எஸ்., தெரியாத புவியியல் பட்டதாரிக்கு இன்றைய சந்தையில் மதிப்புக் குறைவு. அதற்கான கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், இஸ்ரோவின் அங்கமாக இருந்துகொண்டு, கட்டணமில்லா இணையவழி வகுப்புகளை நடத்துகிறது. கல்லூரியின் முதல் ஆண்டிலேயே இதைத் தொடங்கிவிடலாம். 2021இல் மத்திய அரசு நிலப்படத் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின், இந்தியத் தனியார் நிறுவனங்கள் முன்பு அரசின் அனுமதிக்காகக் காத்திருந்த வேலைகளில் இறங்கியிருக்கின்றன. ஆகவே இந்தத் திறனுக்கான தேவை கூடுகிறது. இதனுடன் ஒரு வெளிநாட்டு மொழி வேண்டும். என்னைக் கேட்டால், மேற்கு ஆசியாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் அரபியும், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்குப் பிரெஞ்சும் பயன்படும் என்பேன். எதைத் தேர்ந்தாலும் பாதியில் விடாமல் படிப்பது முக்கியம்.

முதுநிலையில்தான் அரசியல் முழுமையாக வர வேண்டும். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியில் ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா போன்ற பகுதிகளுக்கெனத் தனி மையங்கள் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுகளுக்கென ஒரு துறையே உண்டு. இளநிலை ஆய்வேட்டுக்கு உங்கள் மகள் நைலைத் தேட வேண்டியதில்லை. 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் காவிரி உடன்பாடுகளிலிருந்து 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை, மேல்மடை-கீழ்மடைச் சிக்கலின் ஆவணங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. ஓர் ஆற்றை ஆழமாகப் படித்தவருக்கு அடுத்த ஆற்றைப் படிப்பது எளிது.

வேலைகளைப் பற்றி நேராகச் சொல்கிறேன். பெரும்பாலான வாய்ப்புகள் ஜி.ஐ.எஸ். நிறுவனங்களிலும், நகரத் திட்டமிடல், நீர்வளம், பேரிடர் மேலாண்மை ஆகிய துறைகளின் திட்டப் பணிகளிலும் உள்ளன. தொடக்க ஊதியம் ஒரு மென்பொருள் நிறுவனத்தினுடையதை விடக் குறைவாகவே இருக்கும், முதல் சில ஆண்டுகள் ஒப்பந்தப் பணியாகவும் இருக்கலாம். கப்பல் போக்குவரத்து, காப்பீடு, சரக்குக் கையாளுதல் நிறுவனங்களில் வழித்தட இடர் ஆய்வாளர்களுக்குத் தேவை இருக்கிறது. இங்குதான் வணிகவியல் பின்னணி ஓர் உண்மையான வலிமை: ஏற்றுமதி ஆவணம், கட்டணக் கணக்கு ஆகியவை தெரிந்த புவியியலாளர் அரிது. ஆய்வு மையங்களில் இடங்கள் மிகக் குறைவு, அவையும் பெரும்பாலும் டெல்லியில். கல்லூரி ஆசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் என்னும் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும்.

குடிமைப் பணித் தேர்வைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் உறவினர்கள் எழுதச் சொல்வார்கள். பொது அறிவுத் தாள்களில் புவியியலும் பன்னாட்டு உறவும் இடம்பெறுவதால் இந்தப் படிப்பு அங்கே உதவும்; புவியியலை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். ஆனால் இந்திய வெளியுறவுப் பணிக்கு ஆண்டுதோறும் தேர்வாகிறவர்கள் மிகச் சிலரே. ஆகையால் அதை வீட்டின் ஒரே திட்டமாக வைத்துப் பல ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம். முதுநிலை முடித்து வேலையில் சேர்ந்தபின் ஓரிரு முறை எழுதிப் பார்க்கட்டும். அதேபோல், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவு படிக்க வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கும் யோசனை யார் சொன்னாலும், கல்வி உதவித்தொகை உறுதியாகாதவரை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பி.காம். கைவிட மனமில்லாவிட்டால் அதைப் படித்துக்கொண்டே ஜி.ஐ.எஸ். கற்று, முதுநிலையில் துறை மாறும் வழியும் உண்டு. கணக்கியலையும் அவள் விரும்பினால் மட்டுமே அதை நான் பரிந்துரைப்பேன். புவியியலே முடிவானால், சேர்வதற்கு முன் மகளையும் அழைத்துக்கொண்டு அந்தத் துறைக்கு நேரில் செல்லுங்கள். ஆய்வகத்தில் எத்தனை கணினிகள் வேலை செய்கின்றன, கள ஆய்வுக்கு மாணவர்களை எங்கே அழைத்துச் செல்கிறார்கள், சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெயரும் இடமும் சொல்லிப் பதில் வரும் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்.

அன்புடன்,
கல்வி ஆலோசகர்