ஒரே டாலரை இரண்டு முறை விற்கலாமா?

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளருக்கு 2 லட்சம் டாலர் மதிப்புள்ள பின்னலாடைகளை அனுப்பவிருக்கிறோம், பணம் வர நான்கு மாதமாகும். இதற்காக 1.2 லட்சம் டாலரை டாலர் கணக்கிலேயே பேக்கிங் கிரெடிட்டாக (சரக்கை அனுப்புமுன் ஏற்றுமதியாளருக்கு வங்கி தரும் கடன்) வாங்கி, ரூபாயாக மாற்றி, நூலுக்குக் கொடுத்துவிட்டோம். முழுத் தொகைக்கும் ஃபார்வர்டு (பிறகு வரும் டாலரை இன்றே பேசி முடித்த விலைக்கு வங்கிக்கு விற்கும் ஒப்பந்தம்) போடலாமா? 3 கோடி ரூபாய் இயந்திரக் கடனின் வட்டி ஏறுமோ என்றும் கவலையாக இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

பதில்: முழுத் தொகைக்கும் வேண்டாம். பேக்கிங் கிரெடிட் டாலரை ரூபாயாக மாற்றிய அன்றே, வரவிருக்கும் பணத்தில் 1.2 லட்சம் டாலரை அன்றைய விலைக்கு விற்றுவிட்டீர்கள். பில் பணம் வந்ததும் அது நேராக அந்தக் கடனைத்தான் அடைக்கும். வட்டிக்குப் போவதைக் கழித்தால், மாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஆளாகி நிற்பது ஏறக்குறைய 80,000 டாலர் மட்டுமே. 2 லட்சத்துக்கும் ஃபார்வர்டு போட்டால், கெடு நாளில் கையில் இல்லாத டாலரைக் கொடுக்க வேண்டிவரும். ஒப்பந்தத்தை ரத்து செய்ய நேர்ந்து, அதற்குள் டாலர் ஏறியிருந்தால், அந்த வித்தியாசம் உங்கள் தலையில் விழும்.

அந்த 80,000-க்கு, ஆர்டர் உறுதியானதென்றால், ஃபார்வர்டு போடுங்கள். இந்திய வட்டி அமெரிக்க வட்டியைவிடக் கூடுதலாக இருக்கும்வரை, ஃபார்வர்டு விலை இன்றைய விலையைவிடச் சற்று உயர்வாகவே கிடைக்கும். டாலர் ஏறிக்கொண்டேதான் போகும் என்று காத்திருப்பவர்கள் 2007-ஐ நினைத்துப் பார்க்கலாம்: ஆண்டுத் தொடக்கத்தில் 44 ரூபாயாக இருந்த டாலர், ஆண்டு முடிவில் 40-க்கும் கீழே இறங்கியது. அந்தக் காலத்தில் உங்கள் ஊர்க்காரர்கள் சிலர், தங்கள் வியாபாரத்துக்குத் தொடர்பே இல்லாத சுவிஸ் பிராங்கையும் யென்னையும் சார்ந்த டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் (லாப நட்டம் நாணய விலையின் போக்கைப் பொறுத்து அமையும் ஒப்பந்தங்கள்) கையெழுத்திட்டு, பெருநட்டம் கண்டு, நீதிமன்றம்வரை போனார்கள். ஆகவே ‘செலவே இல்லாத பாதுகாப்பு’ என்று யாராவது சொன்னால், நட்டத்துக்கு உச்சவரம்பு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

இயந்திரக் கடன், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு இணைந்ததா என்று பாருங்கள். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. 3 கோடிக்கு அது ஆண்டுக்கு 7.5 லட்சம் ரூபாய் கூடுதல் வட்டி. உங்கள் அளவுக்கு வட்டி ஸ்வாப் (மாறும் வட்டியை நிலையான வட்டியாக மாற்றிக்கொள்ளும் தனி ஒப்பந்தம்) தேவையில்லை என்பது என் எண்ணம். நிலையான வட்டிக்கு மாறினால் என்ன விகிதம், முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். டாலர் பேக்கிங் கிரெடிட்டின் வட்டி ரெப்போவைப் பொறுத்ததன்று, அமெரிக்க வட்டியைப் பொறுத்தது. நான்கு மாதத்தில் அதனால் பெரிய மாற்றம் வராது.