துறவற சபையில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? நாள் முழுவதும் செபமா, வேலையா, தனக்கென்று நேரம் மிஞ்சுமா?

கேள்வி கேட்டவர், தாம் துறவு வாழ்வைப் பற்றிச் சிந்தித்து வருவதாகவும், உள்ளே நாள் எப்படிக் கழிகிறது என்பதை வெளியிலிருந்து அறிய முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நோயாளர் பணியைத் தனிவரமாக, அதாவது தனக்குரிய சிறப்பு அழைப்பாக, கொண்ட ஒரு சபையில் நித்திய வார்த்தைப்பாடு (வாழ்நாள் முழுவதற்குமான துறவற வாக்குறுதி) கொடுத்த அருட்சகோதரி என்ற முறையில் நான் அறிந்ததைச் சொல்கிறேன். கார்மேல் மடத்தாரும் கர்த்தூசியத் துறவியரும் மடத்தைவிட்டு வெளியே செல்லாமல் வாழும் அடைபட்ட மடவாழ்வின் ஒழுங்கு வேறு; அதைப் பற்றி அவர்கள் சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

சபைக்குள் வந்தவர் எதை முதலில் விட்டுக்கொடுக்கிறார் என்று கேட்டால், நேரம் என்பதே என் பதில். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளில் ஏழ்மை என்றவுடன் எல்லாருக்கும் பணம்தான் நினைவுக்கு வருகிறது. பணத்தைப் பொறுத்தவரை விதி தெளிவாக இருக்கிறது. துறவி தம் உழைப்பால் ஈட்டுவது சபைக்கே உரியது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 668ஆம் எண்ணில் கூறுகிறது. நான் பெறும் ஊதியம் பொதுக் கணக்கில் சேரும். செருப்பு தேய்ந்துபோனாலோ மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தாலோ இல்லத்தின் பொருளாளரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்வேன். இதற்குப் பழகிக்கொள்வது பலர் அஞ்சுவதைவிட எளிது. ஆனால் இந்த ஒரு மணி நேரம் என்னுடையது, இதில் எவரும் குறுக்கிடக்கூடாது என்ற எண்ணத்தை விடுவதற்கு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இன்றும் அது முழுமையாகக் கைகூடவில்லை. அன்றாட வாழ்க்கையின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளும் அதையே சுற்றிச் சுழல்கின்றன.

எங்களைப் போல வெளியே சென்று பணிசெய்யும் பணிச் சபைகளில் நாள் பெரும்பாலும் இப்படி அமைகிறது. விடியுமுன் எழுந்து அரை மணியோ ஒரு மணியோ தனித்தியானம், பிறகு அனைவரும் சேர்ந்து காலைப் புகழ், திருப்பலி, உணவு, அதன்பின் அவரவர் பணி. நண்பகலில் சிறிது நேரம் செபமும் மனச்சான்று ஆய்வும் இருக்கும். மாலையில் செபமாலை, மாலைப் புகழ், இரவு உணவு, சேர்ந்து உரையாடும் பொழுது, இறுதியில் இரவுச் செபம். நேரங்கள் சபைக்குச் சபை மாறும். ஒரே சபையிலும் இல்லத்துக்கு இல்லம் மாறும்.

இவற்றில் திருப்புகழ்மாலையைப் பற்றி, அதாவது காலைப் புகழ், மாலைப் புகழ், இரவுச் செபம் முதலிய வேளைச் செபங்களின் தொகுப்பைப் பற்றி, சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வெளியிலிருப்பவர்களுக்கு அதிகம் தெரியாததும், என்னை அதிகம் தாங்கியதும் அதுதான். விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்தில் பாடி முடிக்க வேண்டும் என்று ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு விதித்தார். 1960களில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த சீர்திருத்தத்தில், திருப்பாடல்கள் நான்கு வாரச் சுழற்சியாகப் பங்கிடப்பட்டன. இவற்றோடு, லூக்கா நற்செய்தியிலிருந்து காலையில் செக்கரியாவின் பாடலும் மாலையில் அன்னை மரியாவின் பாடலும் இரவில் சிமியோனின் பாடலும் நாள்தோறும் வரும். எந்த நாளில் எந்தப் பாடல் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பதுதான் இதில் முக்கியம். வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் எப்போதும் 88ஆம் திருப்பாடல் வரும். வேறு புலம்பல் பாடல்களில் கடைசியில் எட்டிப்பார்க்கும் நம்பிக்கைகூட இல்லாமல், இருளோடு முடிந்துவிடும் பாடல் அது. நான் மகிழ்ச்சியாக இருக்கும் வெள்ளிக்கிழமையிலும் அதைத்தான் சொல்கிறேன். அவ்வேளைகளில் அது என்னுடைய செபமாக இருப்பதில்லை. அன்று பகலில் நான் பார்த்து வந்த படுக்கையில், வலியால் வாய்திறந்து ஒரு சொல் சொல்லவும் முடியாமல் கிடப்பவரின் செபமாக இருக்கிறது. அவருக்காக ஒருவர் அதைச் சொல்லியாக வேண்டும். என் மனநிலைக்கேற்ற செபத்தை நானே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தால் இதை ஒருபோதும் கற்றிருக்க மாட்டேன்.

இனி பணி. செபமும் பணியும் ஒன்றையொன்று இழுக்கின்றனவா என்றால், ஆம், தினமும் இழுக்கின்றன. இந்த இழுபறிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1566இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ், துறவறப் பெண்கள் அனைவரும் அடைப்புக்குள் வாழ வேண்டும் என்று விதித்தார். 1610இல் புனித பிரான்சிஸ் சலேசியாரும் புனித ஜேன் பிரான்சிஸ் தெ ஷாந்தாலும் தொடங்கிய சபையின் சகோதரிகள் நோயாளரை வீடு தேடிச் சென்று கவனித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்தச் சபையும் அடைபட்ட மடமாக மாற நேர்ந்தது. இதையெல்லாம் நன்கு அறிந்திருந்த புனித வின்சென்ட் தே பவுல், 1633இல் புனித லூயிஸ் தெ மரியாக்குடன் சேர்ந்து பிறரன்பின் புதல்வியரை உருவாக்கியபோது, அவர்களை மடவாசிகளாக ஆக்கிவிடாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டார். நோயாளரின் வீடுகளே உங்கள் மடம், வாடகை அறையே உங்கள் துறவறை, பங்கு ஆலயமே உங்கள் சிற்றாலயம், நகரத்தின் தெருக்களே உங்கள் அடைப்பு என்று அவர்களுக்குக் கற்பித்தார். வெளியே சென்று பணிசெய்யும் எங்களைப் போன்ற சபைகளைத் துறவற வாழ்வாகத் திருச்சபை முறையாக ஏற்றுக்கொண்டது 1900இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் காலத்தில்தான்.

செப வேளையில் ஏழை ஒருவர் அழைத்தால் எழுந்து போகலாம், அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுச் செல்வது என்றும் வின்சென்ட் தம் சகோதரிகளுக்குச் சொன்னார். பணிச் சபைகளில் இதைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. ஆனால் இதை வேலைப்பளுவுக்குச் சாக்காக்கிச் செபத்தை வாரக்கணக்கில் தள்ளிப்போடும் வழக்கமும் எங்களிடையே இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. இந்த அறிவுரையைத் தந்தவர் காலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் தியானிப்பதைத் தம்மவருக்கு ஒழுங்காக வைத்தவர். விட்டுச் செல்வதற்கு முதலில் அங்கே இருந்தாக வேண்டும்.

நோயாளர் பணியில் நான் செய்வது என்னவென்று கேட்டால், பெரும்பகுதி மற்றச் செவிலியர் செய்வதேதான். மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, புரட்டிப் படுக்கவைப்பது, குறிப்பேட்டில் எழுதுவது, உறவினருக்கு மருத்துவர் சொன்னதைப் பொறுமையாக மறுபடி விளக்குவது. நோயாளி எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் என்பது கவனிப்பில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்குவதில்லை. தாமாகக் கேட்டால் அவருடன் செபிப்பேன், கேட்காதவரிடம் அதைத் திணிப்பதில்லை. பணி முடியும் நேரத்துக்குப் பிறகு நிற்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. இறந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு உறவினர் யாரும் இல்லையென்றால், எங்களில் ஒருவர் அவர் அருகில் இருப்பார். அப்போது சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. பல மணி நேரம் ஒன்றும் நடக்காது. அந்த நேரத்தை வைத்து வேறு எத்தனையோ உருப்படியான வேலைகளைச் செய்திருக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் மனம் அங்கே மெல்ல அடங்க வேண்டும். எங்கள் பணியின் சாரம் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்களால் இது முடிவதற்குக் காரணம், வீட்டில் காத்திருக்கும் குழந்தைகள் எங்களுக்கு இல்லை என்பதுதான். கற்பு வார்த்தைப்பாட்டின் பயன் எனக்கு மிகத் தெளிவாகத் தெரியும் இடமும் அந்தப் படுக்கையருகேதான். இரவுப் பணி முடித்து வரும் சகோதரி காலைப் புகழைத் தனியே சொல்லிக்கொள்வார். அவருக்கான உணவை மற்றவர்கள் மூடி வைத்திருப்பார்கள்.

துறவு வாழ்வைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் செபத்தைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள், சாப்பாட்டு மேசையைப் பற்றிக் கேட்பதில்லை. கடினமானது அதுதான். நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு, வெவ்வேறு வயதும் மொழியும் வளர்ப்பும் உடையவர்களோடு, ஆண்டுக்கணக்கில் மூன்று வேளையும் உண்ண வேண்டும். மூத்த சகோதரி ஒருவர் பலமுறை சொன்ன நிகழ்ச்சியையே மீண்டும் சொல்லும்போது, முதல்முறை கேட்பவரின் முகத்தோடு கேட்பது ஒரு தவம். லிசியே நகரின் கார்மேல் மடத்தில் வாழ்ந்த புனித தெரேசா, தியான வேளையில் பக்கத்துச் சகோதரி எழுப்பிய சிறு ஒலியை எப்படிச் சகித்தார் என்பதையும், துணி துவைக்கும் இடத்தில் எதிரில் நின்றவர் தம் முகத்தில் தெறிக்கவிட்ட அழுக்குநீரை எப்படி ஏற்றார் என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். வெளியிலிருந்து படிக்கையில் இவை அற்பமாகத் தோன்றும். ஓர் இல்லத்தில் சில காலம் வாழ்ந்தவர் எவரும் அவற்றை அற்பம் என்று சொல்ல மாட்டார். கடவுள் அடுக்களையின் பானை சட்டிகளுக்கு நடுவிலும் உலாவுகிறார் என்று அவிலா நகரின் புனித தெரேசா சொன்னதும் இத்தகைய இல்லத்து அனுபவத்திலிருந்துதான். இரவு உணவுக்குப் பின் சேர்ந்து பேசிச் சிரிக்கும் பொழுதையும் ஒழுங்கில் சேர்த்திருப்பதில் நம் முன்னோரின் அறிவு தெரிகிறது: களைப்பாக இருக்கும் நாளில் அறைக்குள் போய்விடுவதே எளிது, சகோதரிகள் ஒருவருக்கொருவர் அந்நியராவதும் அப்படித்தான் தொடங்குகிறது.

கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டின் எடை பெரும்பாலும் பணிமாற்றத்தின்போது தெரியவரும். முன்பு ஒரு கடிதம் வரும், பெட்டியைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இன்று எங்கள் சபையின் அந்தப் பகுதி இல்லங்களுக்குப் பொறுப்பான மாநிலத் தலைவி முன்கூட்டியே அழைத்துப் பேசுவார். தலைவர்கள் சகோதரிகளுக்கு மனமுவந்து செவிகொடுக்க வேண்டும் என்பதைச் சட்டத்தொகுப்பின் 618ஆம் எண்ணும் வலியுறுத்துகிறது. உடல்நிலை, பெற்றோரின் நிலை முதலியவற்றைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனாலும் முடிவு நம் கையில் இல்லை. மொழியைக் கற்று, மக்களை அறிந்து, ஒரு பணியை வேரூன்ற வைத்தபின் அதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது எளிதென்று சொன்னால் அது உண்மையாகாது. நேரத்தைக் கொடுப்பது என்று மேலே சொன்னது இங்கே ஆண்டுகளையே கொடுப்பதாகிறது.

தனக்கென்று நேரம் உண்டா என்ற கேள்விக்கு: உண்டு, ஆனால் குறைவு. படிக்க, நடக்க, உறங்க நேரம் இருக்கும். மாதத்தில் ஒரு நாள் தியானமும், ஆண்டுக்கு ஒருமுறை பல சபைகளில் எட்டு நாள் மௌனத் தியானமும் நடைபெறும். குடும்பத்தாரைச் சந்திக்க விடுமுறை உண்டு. பெற்றோர் நோயுற்றால் போகத் தடையில்லை.

உடனே வாழ்நாள் முழுவதற்கும் கையெழுத்திட வேண்டியதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தொடக்கப் பயிற்சிக்குப் பின், வார்த்தைப்பாட்டுக்கு ஆயத்தப்படுத்தும் நவதுறவு குறைந்தது 12 மாதங்கள் நடைபெறும். அதன்பின் கொடுக்கும் தற்காலிக வார்த்தைப்பாடு வழக்கமாக மூன்று முதல் ஆறு ஆண்டுகள், தேவையானால் ஒன்பது ஆண்டுகள் வரை நீடிக்கலாம். 21 வயது நிறையாதவர் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க முடியாது. இந்த ஆண்டுகள் சபை உங்களைச் சோதிப்பதற்கு மட்டும் உரியவையல்ல, நீங்கள் சபையைச் சோதித்தறிவதற்கும் உரியவை. இடையில் விலகிச் செல்வது எவ்வகையிலும் இழுக்காகாது. மற்றொன்றும் முக்கியம். உங்கள் மனச்சான்றைத் தம்மிடம் திறந்து காட்டும்படி எந்தத் தலைவரும் உங்களை எவ்வகையிலும் தூண்டக்கூடாது என்று சட்டத்தொகுப்பின் 630ஆம் எண் தடைசெய்கிறது. பாவசங்கீர்த்தனத்திலும் ஆன்ம வழிகாட்டுதலிலும் உங்களுக்கு உரிய சுதந்திரம் உண்டு. அதை மதிக்காத இல்லத்தைக் கண்டால் தயங்காமல் விலகி வாருங்கள்.

பெரும்பாலான சபைகள், எண்ணிப்பார்ப்பவர்கள் சில நாள்கள் வந்து தங்கிப் பார்க்க இடம் தருகின்றன. அப்படிச் செல்லும்போது திருவிழா நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வேலை மிகுந்த ஒரு சாதாரண வாரத்தைக் கேட்டு வாங்குங்கள். செப வேளையில் நோயாளி அழைத்தால் யார் எழுந்து போகிறார், திரும்பி வந்தபின் தவறவிட்ட செபத்தை என்ன செய்கிறார் என்று பாருங்கள். மூத்த சகோதரிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு அவர்களில் ஒருவரிடம், எந்தப் பணிமாற்றம் மிகக் கடினமாக இருந்தது, அதன்பின் எப்படி நிலைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.