ஸ்டிக்கி நோட்டில் எழுதி ஒட்டுவதால் அன்றாட வேலைகள் உண்மையிலேயே ஒழுங்காக நடக்குமா?

நடக்கும். "போனில் இத்தனை செயலி இருக்கும்போது யார் காகிதம் ஒட்டுகிறார்கள்?" என்று யாரோ சொல்லித்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் சொன்னார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். பகலில் அக்கா, இரவில் நான், இடையில் அம்மா. சாப்பாட்டுக்கு முன்பு ஒரு மாத்திரை, பின்பு வேறொன்று, கண்ணுக்குச் சொட்டு மருந்து தனி. அலாரம் வைத்திருந்தேன். ஆனால் என் போனில் அடிக்கும் அலாரம் அக்காவுக்கு எப்படிக் கேட்கும்? அம்மாவோ போனைத் தொடவே மாட்டார். "கொடுத்தாச்சா, இல்லையா?" என்று தினமும் சண்டை.

அப்புறம் ஒரு மருந்துக்கு ஒரு நிறத்தில் ஒரு நோட் என்று எழுதி, கட்டிலுக்கு எதிரே இருந்த அலமாரிக் கதவில் இடப்பக்கம் ஒட்டினேன். மருந்தைக் கொடுத்தவர் நேரத்தை எழுதி அதை வலப்பக்கம் மாற்றி ஒட்ட வேண்டும். அவ்வளவுதான், சண்டை நின்றது. "அந்தப் பச்சை இன்னும் இந்தப் பக்கமே இருக்கே" என்று அப்பாவே படுத்தபடி கேட்க ஆரம்பித்தார். தன் மருந்துக்குத் தானே கணக்குப் பார்த்ததில் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

இப்படி எடுத்து மாற்ற முடிவதுதான் இதன் பலம். 1968இல் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் வலுவான பசை ஒன்றைத் தேடப்போக, லேசாக ஒட்டி அப்படியே உரிந்து வரும் பசைதான் கிடைத்தது. பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டுகள் விழுந்துகொண்டே இருந்ததால், 1974இல் அங்கேயே வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரை அந்தப் பசைக்கு ஒரு பயன் கண்டுபிடித்தார். அப்படி உருவான ஸ்டிக்கி நோட் 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. பசை நுண்ணிய உருண்டைகளாக இருப்பதால் தூசி படிந்தால் பிடிப்பு போய்விடும். ஒட்டும் இடத்தைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். நோட்டு அடுக்கிலிருந்து பக்கவாட்டில் உரித்தால் நோட் சுருளாது.

ஒரு நோட்டில் ஒரு வேலைதான். "வங்கி" என்று மட்டும் எழுதாமல் "வங்கியில் படிவம் கொடு" என்று எழுதுங்கள். வேலை நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள், முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். ஒரே இடத்தில் நாள்கணக்கில் கிடக்கும் நோட் சுவரோடு சுவராகிவிடும், கண் அதைப் பார்க்காது.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த மாதச் சந்திப்புக்கு நானும் போனைத்தான் நம்புகிறேன். கடவுச்சொல்லை எழுதி ஒட்டுவதும் கூடாது. மருந்து விஷயத்தில் அளவையும் வேளையையும் மருத்துவர் சொன்னபடியேதான் எழுதினோம், இதற்கும் யாராவது சண்டைக்கு வர வேண்டாம்.

ஆனால் அவர் சொன்னதைக் கண்டுபிடிக்கத்தான் பெரும் பாடு. மருத்துவமனையில் கொடுத்த சீட்டில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. கேட்டதற்கு, "மருந்துக் கடையில் புரிஞ்சுக்குவாங்க" என்றார்கள். வீட்டில் வேளாவேளைக்கு மருந்து கொடுப்பது கடைக்காரரா? அச்சடித்துத் தர முடியாவிட்டால் எந்த வேளைக்கு எது என்பதையாவது புரியும்படி எழுதக் கூடாதா?