30 இலட்சத்தை எந்த ஃபைபரில் போடுவது?

கேள்வி: கத்தாரில் 12 வருடம் வேலை செய்துவிட்டுக் கல்லடிக்குத் திரும்பியிருக்கிறேன். கையில் 30 இலட்சம் ரூபாய் இருக்கிறது. பாசிக்குடா ஹோட்டல்களுக்கும் வீட்டுத் திட்டங்களுக்கும் வளவுக்குள் ஃபைபர் போட்டுப் பராமரிக்கும் தொழிலில் மச்சான் கூட்டுச் சேரக் கேட்கிறார். ஒரு விற்பனையாளர் ஜீபொன் போதும் என்கிறார். இன்னொருவர் எக்ஸ்ஜீஎஸ்-பொன் இல்லாமல் தொடங்கவே வேண்டாம் என்கிறார். மூன்றாமவருக்கு அக்டிவ் ஈதர்நெட்தான் தரம். முதல் போடுகிறவன் யாரை நம்புவது?

பதில்: மூவரும் பெட்டி விற்கிறவர்கள். அவர்கள் சொல்லும் மூன்றும் கண்ணாடி இழையில் ஒளியாக இணையத்தை அனுப்பும் மூன்று முறைகள். இந்தத் தொழிலில் காசைத் தின்பது மண் வேலைதான்: குழி வெட்டி, குழாய் புதைத்து, கேபிள் இழுத்து, இழைகளை ஒட்டுவது. ஒழுங்காகப் போட்ட கண்ணாடி இழை இருபது வருடத்துக்கு மேலும் கிடக்கும். நுனிகளில் பூட்டும் பெட்டிகள் (ஒரு நுனியில் எல்லோருக்கும் பொதுவான மையப் பெட்டி, மறு நுனியில் வாடிக்கையாளரின் அறைப் பெட்டி) அதற்குள் இரண்டு மூன்று தடவை மாறிவிடும். அதனால் நான் முதலில் கேட்பது, இன்று புதைக்கும் கேபிள் நாளைக்கு வரும் பெட்டிக்கும் உதவுமா என்பதைத்தான்.

ஜீபொன்னில் ஒற்றை இழையை ஸ்பிளிட்டர் 32 அல்லது 64 கிளையாகப் பிரிக்கிறது. இறங்கும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட், ஏறும் வேகம் 1.25. 32 அறைக்காரரும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் அறைக்கு 78 மெகாபிட் அளவில் கிடைக்கும். எக்ஸ்ஜீஎஸ்-பொன் இருபக்கமும் 10 கிகாபிட். ஆனால் ஹோட்டலுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பு 500 மெகாபிட் என்றால் உள்ளே 10 கிகாபிட் ஓடி என்ன? குளத்தின் துருசு சின்னதாக இருக்க, வாய்க்காலை அகலமாக வெட்டி வயலுக்குத் தண்ணீர் கூடாது.

இரண்டாமவர் சொல்லாமல் விட்ட விசயம் ஒன்று உண்டு. ஜீபொன் 1490, 1310 நனோமீற்றர் ஒளியிலும் எக்ஸ்ஜீஎஸ்-பொன் 1577, 1270 நனோமீற்றர் ஒளியிலும் ஓடுகின்றன. நிறம் வேறாக இருப்பதால் ஒரே இழையில், ஒரே ஸ்பிளிட்டர் ஊடாக, இரண்டும் சேர்ந்தே போகலாம். இப்போது ஜீபொன் போட்டு, பிறகு மையத்தில் எக்ஸ்ஜீஎஸ்-பொன் கருவியைச் சேர்த்து, கேட்கிற வாடிக்கையாளருக்கு மட்டும் அறைப் பெட்டியை மாற்றலாம். மண்ணைத் தொட வேண்டியதில்லை. ஆசைப்பட்டு 64 ஆகப் பிரிக்க வேண்டாம். 32 ஆகப் பிரித்தாலே ஏறத்தாழ 17 டெசிபெல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) போய்விடும், வழமையான ஜீபொன் கருவி தாங்குவதோ மொத்தம் 28. மிச்சத்தைத் தூரத்துக்கும் ஒட்டுகளுக்கும் வைத்திருங்கள். கேபிளில் நாலு இழை கூடுதலாக வாங்குவது சிறு செலவு. இரண்டாந்தரம் குழி வெட்டுவது பெருஞ்செலவு.

அக்டிவ் ஈதர்நெட்டில் ஒவ்வொருவருக்கும் தனி இழை, பங்கு போடத் தேவையில்லை, பிழை கண்டுபிடிப்பதும் சுகம். இருபது அறையுள்ள விடுதியில் எல்லா இழையும் ஒரே அறைக்குப் போய்ச் சேருமானால் அதையே நான் எடுப்பேன். ஆனால் பெரிய வளவில், இணைப்பைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் என்ற கருவி வழியில் ஒரு கபினட்டுக்குள் இருக்க வேண்டிவரும். அதற்குக் கரண்ட் வேண்டும், பற்றரி வேண்டும், உப்புக்காற்றிலிருந்து காப்பு வேண்டும். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மூன்றாம் மாரிக்குள் துருவேறிய கபினட்டை நானே திறந்து பார்த்திருக்கிறேன். 1978 சூறாவளியை நினைவு வைத்திருக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் கரண்ட் போவது புதினமில்லை. ஜீபொன், எக்ஸ்ஜீஎஸ்-பொன் ஆகிய இரு பொன் வகைகளிலும் வழியில் கரண்ட் கேட்கும் பொருள் எதுவுமில்லை. மையப் பெட்டிக்கும் அறைப் பெட்டிக்கும் ஜெனரேற்றர் இருந்தால் போதும். அதன் குறையையும் சொல்லவேண்டும்: பழுதான ஒரு அறைப் பெட்டி தன் முறை வராமல் ஒளி வீசினால் அந்தக் கிளையில் உள்ள அத்தனை பேருக்கும் இணைப்புக் குழம்பும். மாற்றுப் பெட்டிகள் கைவசம் இருக்கவேண்டும்.

இனி உங்கள் காசுக்கு வருவோம். 1990களின் கடைசியில் பெருங்கம்பனிகள் கண்டங்களுக்கிடையே ஃபைபரை வாரியிறைத்தன. ஒரே இழையில் பல நிற ஒளியை அனுப்பும் நுட்பம் வளர வளர, இருந்த இழையின் கொள்ளளவே பல மடங்கானது. புதைத்த இழைகளில் பெரும்பகுதி வெளிச்சமே காணாமல் கிடந்தது. குளோபல் குரொசிங் 2002 ஜனவரியில் வங்குரோத்தானது. ஒளிக்கருவிப் பாகங்கள் செய்த ஜேடிஎஸ் யுனிஃபேஸ் 2001 நிதியாண்டில் 5,000 கோடி டொலருக்கு மேல் நட்டம் காட்டியது. நுட்பத்தில் பிழையில்லை, பாவிக்க ஆட்கள் போதவில்லை. மச்சானிடம் இதையே கேளுங்கள்: 100 வீட்டு வாசலால் கேபிள் போகிறது, அதில் எத்தனை வீடு மாதாமாதம் காசு கட்டும்? கையெழுத்திட்ட பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை? கேபிள் யாருக்குச் சொந்தம்? அந்த 100இல் 40 வீடு மட்டும் கட்டும் கணக்கில் போட்ட முதல் திரும்பாவிட்டால் எந்தப் பொன்னும் காப்பாற்றாது.

2025இல் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பயப்படாதீர்கள். அது வெளியிலிருந்து வரும் இணைப்புக்குப் போட்டி. கூரையில் தட்டுப் பூட்டினாலும் அறையறையாகப் பிரிக்க உங்கள் கேபிள்தான் வேண்டும். ஆனால் வேலியைத் தாண்டி அயல் வீடுகளுக்கு இணையம் விற்க மச்சான் ஆசைப்பட்டால் நிறுத்துங்கள்; 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அதற்கு அனுமதிப்பத்திரம் தேவை.

மையப் பெட்டி வாங்கு முன், வேறு கம்பனியின் அறைப் பெட்டியைப் பூட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வேலையை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு இழைக்கும் ஓ.டி.டி.ஆர் (இழைக்குள் ஒளியை அனுப்பி, எங்கே முறிவு, எங்கே இழப்பு என்று காட்டும் கருவி) அளவீடு எடுத்து, ஹோட்டல்காரரின் கையெழுத்தையும் அதில் வாங்கிவிடுங்கள். நாளைக்குத் தோட்டவேலை நடக்கும்போது மண்வெட்டி கேபிளில் பட்டால், அந்தச் செலவு யாருடையது என்பதை அந்தத் தாள் சொல்லும்.