கரையில் நின்ற அம்மம்மா

அன்பின் உளவளத்துணையாளருக்கு,

எனக்கு 59 வயது. கோண்டாவிலில் இருக்கிறேன். கணவர் காலமாகி நாலு வருடம். ஒரே மகள் நோர்வேயில், கணவரோடும் எட்டு வயது மகனோடும் இருக்கிறாள். போன மார்கழி விடுமுறைக்கு, ஆறு வருடத்துக்குப் பிறகு, மூன்று பேரும் வந்தார்கள்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் மலை ஏறுவதும் கயாக்கில் துடுப்புப் போடுவதும்தான் அவர்களுடைய பொழுதுபோக்கு. என்னையும் கூட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போக மகள் அங்கிருந்தே எல்லாம் ஒழுங்குபண்ணியிருந்தாள். வான் பிடித்துப் போனோம்.

முதல் நாலு நாளில் ஒரு குறையும் இல்லை. ஹோட்டன் சமவெளிக்கு விடியப்புறம் போனோம். பொலித்தீன் கொண்டுபோகக் கூடாது என்று, நான் கட்டிக்கொண்டு போன பருத்தித்துறை வடையை வாசலில் கடதாசிப் பைக்கு மாற்ற வைத்தார்கள். சுற்றிவர ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். மேடு என்றால் வரம்பு மேடு மட்டும் கண்ட ஊரில் பிறந்தவள் நான். ஆனாலும் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு முழுக்க நடந்தேன். உலக முடிவு என்று சொல்கிற விளிம்புக்குப் போனபோது புகார் இன்னும் மூடவில்லை. கீழே 800 மீற்றருக்கு மேல் பள்ளம். பேரன் வடையைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க, நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமே வரவில்லை.

பிறகு நோர்வூட் பக்கம், காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் வந்து தங்கினோம். காலை ஆறரை மணி இருக்கும். தண்ணீர் ஒரு அசைவும் இல்லாமல் கிடந்தது. மகளும் பேரனும் ஒரு கயாக்கில் ஏறினார்கள். எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தார்கள். வழிகாட்டிப் பையன் தூரத்தில் ஒரு பறவையைக் காட்ட, பேரன் சந்தோசத்தில் கத்தினான். பறவை பறந்துவிடும் என்று மகள் உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்றாள். அவ்வளவுதான், எனக்குக் கை கால் விறைத்துவிட்டது. ‘பிள்ளையை இறக்கு, பிள்ளையை இறக்கு’ என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேரன் பயந்து அழுதான். கேட்டதுக்குத் தலைசுற்று என்று சொல்லிவிட்டு, மீதி இரண்டு நாளும் அறைக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மகள் சொன்னாள்: ‘ஆறு வருசத்துக்கு ஒருக்கா வாறம். எங்களோட சந்தோசமா இருக்க உங்களுக்கு விருப்பமில்லை அம்மா.’ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 1993இல், போரால், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போகிற ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடிக் கிடந்தன. அவளுடைய அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. 11 மாதக் குழந்தையான அவளைத் தூக்கிக்கொண்டு, தம்பியின் துணையோடு கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தேன். மெசின் பூட்டிய ஒரு வள்ளம் இழுக்க, கயிற்றில் கட்டின வள்ளங்களில் நாங்கள். நடுவில் தூரத்தில் வெளிச்சமும் வெடிச்சத்தமும். மெசினை நிற்பாட்டினார்கள். பிள்ளை வீறிட்டது. ‘பிள்ளையின்ர வாயைப் பொத்து’ என்று இருட்டுக்குள் யாரோ சொன்னார்கள். பொத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பூநகரிப் பக்கக் கரையில் இறங்கியபோது பிள்ளை துவண்டு கிடந்தது. தம்பி உள்ளங்காலில் தட்டித் தட்டித்தான் அழுகை வந்தது.

இது எனக்கும், இப்போது கனடாவில் இருக்கிற தம்பிக்கும் மட்டும் தெரியும். நயினாதீவுத் திருவிழாவுக்குக்கூட 30 வருடமாகப் போகவில்லை. படகு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுவேன். மகள் போய் இரண்டு மாதமாகிறது. இரவு இரண்டு மணிக்கு மெசின் சத்தம் கேட்டு விழிக்கிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டுமா? சொன்னால், தாயே தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்று நினைக்க மாட்டாளா?

ஒரு அம்மம்மா

* * *

அன்பின் அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஓர் இடத்தில் நான் நின்றுவிட்டேன். மகள் கயாக்கில் ஏறும்போது நீங்கள் கத்தவில்லை. அது கரையை விட்டு நகர்ந்தபோதும் கத்தவில்லை. அவள் உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்று சொன்ன பிறகுதான் கத்தினீர்கள். அசையாத தண்ணீர், தாழ்ந்த படகு, அதற்குள் ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையை அடக்குகிற ஒரு தாய். கிளாலியில் இருந்த அத்தனையும் அந்தக் காலையில் ஒன்றாக வந்து நின்றன. உங்கள் உடம்புக்கு அது காசல்ரீ என்று தெரியவில்லை, 1993 முடிந்துவிட்டது என்றும் தெரியவில்லை. அதனால்தான் ‘இறக்கு’ என்று கத்தினீர்கள். அன்று வள்ளத்தில் கத்த முடியாமல் போன சொல்லாக அது இருக்கலாம்.

இதற்கு மனவடு என்று பெயர். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் போர் நடந்த காலத்திலேயே நம் ஊரில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். பெரிய ஆபத்தில் பதிந்த நினைவு, மற்ற நினைவுகளைப் போல நாளும் தேதியும் போட்டு அடுக்கப்படுவதில்லை. ஒரு சத்தமோ ஒரு மணமோ ஒரு விரலோ போதும், அது நேற்று நடந்ததுபோல எழுந்துவிடும். அதனால்தான் உலக முடிவின் விளிம்பில் பயமில்லாமல் நின்ற நீங்கள், முழங்கால் தண்ணீர்க் கரையில் விறைத்துப் போனீர்கள். நீங்கள் பயந்தாங்கொள்ளி இல்லை அம்மா. மலையில் பேரனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கையை எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, அந்த இரவுக்கு வருவோம். ‘நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தச் சொல்லை நீங்களே உங்களுக்குப் பலமுறை சொல்லிப் பார்த்திருப்பீர்கள், அது ஒட்டியிருக்காது. நடந்ததை நடந்தபடியே பார்ப்போம். பிள்ளை தொடர்ந்து அழுதால் வள்ளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. 20களில் இருந்த ஒரு பெண், இருட்டுக்குள், யாருடையது என்று தெரியாத ஒரு குரலுக்குக் கட்டுப்பட்டுப் பொத்தினாள். எவ்வளவு நேரம் பொத்தினேன் என்று தெரியாது என்கிறீர்கள். ஆனால் கையை எப்போது எடுத்தீர்கள் என்று எங்கேயும் எழுதவில்லை. எடுத்திருக்கிறீர்கள் அம்மா. எடுத்தபடியால்தான் அந்தக் குழந்தை இன்று நோர்வேயில் மலை ஏறுகிறது. 30 வருடத்துக்கு மேலாகப் பொத்திய கையை மட்டும் நினைத்துக்கொண்டு, எடுத்த கையை நீங்கள் மறந்தே போனீர்கள்.

ஆகவே முதலில் மகளிடம் போக வேண்டாம். கனடாவில் இருக்கிற தம்பிக்கு அழைப்பு எடுங்கள். அந்த வள்ளத்தில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி அவர். அவருக்கு என்ன ஞாபகம் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நம் குடும்பங்களில் அப்படித்தான், ஒன்றாகத் தப்பி வந்தவர்கள் அதைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். அவருக்கும் சுமை இருக்கும். உள்ளங்காலில் தட்டிய கை அவருடையது அல்லவா?

அப்புறம் மகள். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. சொல்லாமல் விட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போகாது. ‘அம்மாவுக்கு எங்களோடு இருக்க விருப்பமில்லை’ என்று அவள் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாள், அது உண்மையைவிட அவளை வாட்டும். ஆனால் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிடாதீர்கள். பேரன் பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். இந்த மாதங்களில் நோர்வே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அவன் பள்ளிக்கூடம் போன பிறகு, இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், அவளுக்கு வேலையில்லாத ஒரு நாளாகப் பார்த்துக் கேட்டு வையுங்கள்.

முழுக் கதையையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. ‘பிள்ளை, அன்றைக்குத் தண்ணிக் கரையில எனக்குத் தலைசுற்று இல்லை. உன்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கிளாலி கடந்தது ஞாபகம் வந்துட்டுது. உங்களோட வந்த மற்ற நாலு நாளும் எனக்குப் பெரிய சந்தோசம்.’ முதல் நாளுக்கு இவ்வளவு போதும். அவள் கேட்பாள். கேட்கக் கேட்கச் சொல்லுங்கள். வாய் பொத்தியதைச் சொல்லும் நாளில் அவள் அழலாம், கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கலாம். அந்த மௌனத்தைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளும் ஒரு தாய், தன் மகனை மடியில் வைத்து அந்த வள்ளத்தை மனதில் கண்டு முடிக்க அவளுக்கு நேரம் வேண்டும். பேரனுக்கு இப்போது தேவையானது வேறு: ‘அம்மம்மா உன்னில கோபப்படேல்லை, எனக்குப் பயம் வந்திட்டுது.’ இதை இன்றைக்கே சொல்லலாம்.

தூக்கத்தைப் பற்றி. இப்படி விழிப்பது ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டால் தனியே சமாளித்துக்கொண்டிருக்கக் கூடாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காசு கட்டத் தேவையில்லை. நடுச்சாமத்தில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 24 மணி நேரமும் இருக்கிறது. மெசின் சத்தம் கேட்டு எழும்பினால் விளக்கைப் போடுங்கள், வெறும் காலைச் சீமெந்துத் தரையில் நன்றாக அழுத்தி வையுங்கள், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள். கோண்டாவில், என் வீடு, என் அறை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கயாக்கில் ஏறிக் காட்டவேண்டிய கட்டாயம் உங்களுக்கு யாரிடமும் இல்லை. ஆனால் நயினாதீவு அம்மனை 30 வருடமாகத் தள்ளி வைத்திருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. வைத்தியசாலையில் பேசத் தொடங்கிய பிறகு, தெரிந்த ஒருவரோடு, நயினாதீவுக்குப் படகு எடுக்கிற குறிகட்டுவான் வரைக்கும் பஸ்ஸில் போய், இறங்குதுறையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். படகில் ஏற வேண்டாம். அடுத்த முறை இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஏறுவது எப்போது என்பது உங்களுக்கே தெரியவரும்.

தம்பியோடு பேசிய பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள் அம்மா. கையை எடுத்தது எப்போது என்று அவரிடம் கேட்டு, அவர் சொன்னதையும் அதில் எழுதுங்கள்.