உயரமான ரன்னிங் பேக் எங்கே குனிய வேண்டும், எங்கே நிமிர வேண்டும்?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். 16 வயது மகன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவன். உயரம் 6 அடி 2 அங்குலம். "நிமிர்ந்தே ஓடுகிறான், நன்றாக அடி வாங்கப் போகிறான்" என்கிறார் பயிற்சியாளர். இந்த இடத்துக்குக் குட்டையானவர்கள்தான் சரிப்படுவார்களா?

பதில்: பயிற்சியாளரின் கவலை நியாயமானதுதான். அதற்காக மகனை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டாம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஒரே சீசனில் அதிக தூரம் ஓடிய சாதனை, 2,105 யார்டு, 1984 முதல் எரிக் டிக்கர்சனிடம்தான் இருக்கிறது. அவர் 6 அடி 3 அங்குலம்; நிமிர்ந்து ஓடியே பேர் வாங்கியவர்.

நீண்ட காலில் எட்டு, அதாவது ஓடும்போது எடுத்துவைக்கும் அடி, பெரிது. கால் தரையில் பட்டால்தான் திசை திருப்ப முடியும். எட்டு நீண்டால் அந்த வாய்ப்பு குறையும். 5 அடி 8 அங்குல என்.எஃப்.எல். ரன்னிங் பேக் பேரி சாண்டர்ஸ் நின்ற இடத்திலேயே திரும்பியதுபோல உங்கள் மகனால் முடியாது, முயலவும் வேண்டாம். ஒரே ஒரு முறை வெட்டித் திரும்பல், பிறகு எதிரணி எல்லையை நோக்கி நேரான ஓட்டம். முதலில் பக்கவாட்டில் ஓடி இடைவெளி பார்த்து உள்ளே திரும்பும் ‘அவுட்சைட் ஸோன்’ ஆட்டம் அவனுக்குப் பொருந்தும்.

ஆபத்து இருப்பது, இரு அணியின் முன்வரிசையும் மோதும் லைனைக் கடக்கும் முதல் மூன்று நான்கு யார்டில். அங்கே நிமிர்ந்தால் தொடையும் விலாவும் திறந்து கிடக்கும். எட்டைச் சுருக்கி, முழங்காலையும் இடுப்பையும் மடக்கித் தாழ வேண்டும். உயரமான பையன்கள் பெரும்பாலும் முதுகை வளைத்துத் தலையைக் கவிழ்ப்பார்கள். இது அறவே கூடாது. ஹெல்மெட்டின் உச்சியால் மோதினால் கழுத்தெலும்பு முறியலாம். பார்வை எப்போதும் எதிராளியின் நெஞ்சு தெரியும்படி மேலேயே இருக்கட்டும்.

வீட்டுப் பின்புறத்திலேயே பழகலாம். அவன் தோள் உயரத்தில், 5 யார்டு நீளத்துக்கு இரண்டு கயிறுகளை இணையாகக் கட்டி, பந்தோடு அடியில் ஓடச் சொல்லுங்கள். தலை கயிற்றில் படக் கூடாது, பார்வையும் தரைக்கு இறங்கக் கூடாது. வெளியே வந்ததும் நிமிர்ந்து 20 யார்டு முழு வேகம். இப்படி 6 முறை, நடுவில் நன்றாக ஓய்வு. களைத்துப்போனால் முதுகு வளையும், அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

திறந்த வெளியில் நீண்ட கைதான் அவன் சொத்து. 2018 டிசம்பரில் டென்னசி டைட்டன்ஸின் டெரிக் ஹென்றி, ஜாக்சன்வில் அணிக்கு எதிராக 99 யார்டு ஓடியதைப் போட்டுக் காட்டுங்கள். மறித்தவர்களை எப்படிக் கையாலேயே விலக்குகிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கட்டும். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். தொடும் கணத்தில் விரித்த உள்ளங்கையால் நெஞ்சிலோ தோளிலோ தள்ள வேண்டும். ஹெல்மெட்டின் முகக் கம்பியைப் பிடித்தால் ஃபவுல். கையை முன்கூட்டியே நீட்டிவிட்டால் எதிராளி அதைத் தட்டிவிட்டு உள்ளே புகுந்துவிடுவான்.

பந்து எல்லைக்கோட்டுப் பக்கக் கையில் இருக்க வேண்டும். நீண்ட கை ஓட்டத்தில் தானாக வீசும், பந்து விலாவை விட்டு விலகும், பின்னாலிருந்து ஒரு குத்து போதும், பந்து நழுவிவிடும். அந்த 20 யார்டு ஓட்டத்திலேயே நீங்கள் பின்னால் ஓடிவந்து பந்தைத் தட்டிப் பாருங்கள்.