மொன்றியலில் ஆங்கிலப் பாடசாலை: முகவருக்குக் காசு கட்டாதீர்கள்

கேள்வி: கணவரின் வேலை மாற்றத்தால் வரும் கோடையில் ஸ்காபரோவில் இருந்து மொன்றியலுக்குக் குடிபெயர்கிறோம். மகன் மூன்றாம் வகுப்பு; இங்கே ஆங்கிலப் பாடசாலையில், பாடங்களைப் பிரெஞ்சில் நடத்தும் பிரெஞ்சு இமெர்ஷன் திட்டத்தில் படிக்கிறான். மகள் அடுத்த வருடம்தான் பாடசாலை போவாள். நான் பத்து வயதில் இலங்கையில் இருந்து வந்து, ஐந்தாம், ஆறாம் வகுப்புகளை ஸ்காபரோவில் ஆங்கிலத்தில் படித்தேன். கனேடியக் குடியுரிமை உண்டு. கணவர் யாழ்ப்பாணத்தில் படித்தவர். ‘கியூபெக்கில் வெளியில் இருந்து வருபவர்களுக்கு ஆங்கில அரசுப் பாடசாலை கிடையாது. தனியார் பாடசாலையில் ஒரு வருடம் சேருங்கள், பிறகு மாற்றித் தருகிறேன்’ என்று ஒரு முகவர் பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், ஒரு சதம்கூட. அவர் விற்க வருகிற பொருள் ஏற்கெனவே உங்களுடையது. அந்த ஐந்தாம், ஆறாம் வகுப்புகளே உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் போதும்.

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தில் 73ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தாய் தந்தையரில் ஒருவர் கனேடியக் குடிமகனாக இருந்து, கனடாவில் பெற்ற ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் படித்திருந்தால், பிள்ளை ஆங்கில அரசுப் பாடசாலையில் சேரலாம். ‘கனடாவில் பெற்ற’ என்ற சொற்களைக் கவனியுங்கள். இலங்கையில் தமிழில் படித்த வருடங்கள் இந்தக் கணக்குக்குள் வரவே வராது. நீங்கள் கனடாவில் படித்த ஆரம்ப வகுப்புகள் இரண்டு, இரண்டும் ஆங்கிலத்தில். கணவர் எங்கே படித்தார் என்பதை யாரும் பார்க்கப் போவதில்லை.

வீட்டில் என்ன மொழி பேசுகிறோம் என்பதை விட்டுவிட்டுப் பெற்றோர் எங்கே படித்தார்கள் என்று ஒரு அரசாங்கம் ஏன் துருவுகிறது என்று கேட்பீர்கள். 1960களில் மொன்றியலில் குடியேறியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கே அனுப்பினார்கள். நல்ல வேலையும் பணமும் அந்தப் பக்கம் இருந்தன. பிறப்பு விகிதமும் விழுந்துகொண்டிருந்ததால், தங்கள் நகரத்திலேயே சிறுபான்மையாகிவிடுவோம் என்று பிரெஞ்சுக்காரர் பயந்தார்கள். 1968இல் சென் லெயோனார் பகுதிப் பாடசாலைச் சபை, இத்தாலியப் பிள்ளைகள் படித்துவந்த இருமொழி வகுப்புகளை நிறுத்தப் போனது. அடுத்த வருடம் அது தெருச் சண்டையாக வெடித்தது. 1969 சட்டம் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டது. 1974 சட்டம் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பரீட்சை வைத்தது. 1977இல் ரெனே லெவெக்கின் கியூபெக் அரசு 101ஆம் சட்டத்தை, அதாவது மேலே சொன்ன அந்தச் சாசனத்தைக் கொண்டுவந்து, பெற்றோர் கியூபெக்கிலேயே ஆங்கிலத்தில் படித்திருந்தால்தான் அனுமதி என்றது. அந்த நாளில் உங்கள் ஸ்காபரோப் படிப்புக்கு அங்கே மதிப்பே இருந்திருக்காது. 1982 அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு அதைக் ‘கனடாவில் எங்கே படித்திருந்தாலும்’ என்று விரித்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கியூபெக் இன்றுவரை அந்த 1982 அரசியலமைப்புக்கு ஒப்புதல் தரவில்லை. ஆனாலும் அது அங்கே செல்லும், அதில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

இனி அந்தத் தனியார் பாடசாலைக் கதை. இதில் ஏமாந்து நிற்கும் குடும்பங்கள் அதிகம். அரசு மானியம் வாங்காத தனியார் பாடசாலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பணம் கட்டினால் யாரும் சேரலாம். முன்பு அங்கே கொஞ்ச காலம் படித்துவிட்டு அரசுப் பாடசாலைக்குத் தாவினார்கள். அதை 2002இல் அரசு அடைத்தது. அந்தத் தடை செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே 2010இல் புள்ளிக் கணக்கு வந்தது: 15 புள்ளி எடுக்க வேண்டும், அதற்குச் சாதாரணமாக மூன்று வருடமாவது முழுக் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். ‘ஒரு வருடம் போதும்’ என்பவருக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தே மறைக்கிறார். ‘வீட்டு மொழி ஆங்கிலம் என்று எழுதிக் கொடுங்கள்’ என்பது இன்னொரு பசப்பு. தாய்மொழியை வைத்து உரிமை கோரும் வழி கியூபெக்கில் மட்டும் நடைமுறையில் இல்லை. உங்களுக்குத் தேவையே இல்லாத இந்தப் பாதையைக் காட்டிப் பணம் பறிப்பதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. அரசு இரண்டு பக்கத்தில் எளிமையாக எழுதி வைத்திருந்தால் இந்த முகவர்களுக்கு வேலையே இருந்திருக்காது.

மகனின் இமெர்ஷன் விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மகன் கனடாவில் ஆங்கிலக் கல்வி பெறுவதும் தனியாக ஒரு தகுதி. உங்கள் பழைய ஆவணம் கிடைக்காமல் போனால் இதுதான் இரண்டாவது வழி. அவன் பாதி நாளோ முழு நாளோ பிரெஞ்சில்தானே படிக்கிறான், அப்படியானால் அது பிரெஞ்சுக் கல்வி ஆகிவிடாதா என்ற பயம் நியாயமானது. ஆகாது. இமெர்ஷன் என்பது ஆங்கிலப் பாடசாலைச் சபை ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கும் திட்டம். பிரெஞ்சுச் சிறுபான்மையினருக்கான கல்வியோடு அதைச் சேர்த்து எண்ண முடியாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாதங்களை மட்டும் எண்ணாமல் பிள்ளையின் படிப்பு முழுவதையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் ஒன்ராறியோவில் விஅமோந்த் போன்ற பிரெஞ்சுச் சபைகள் நடத்தும் பாடசாலைகள் வேறு. அங்கே படித்த காலம் பிரெஞ்சுக் கல்விதான். இரண்டையும் ‘பிரெஞ்சு ஸ்கூல்’ என்றே நம்மவர்கள் சொல்கிறார்கள். விண்ணப்பத்தில் அப்படி எழுதிவிடாதீர்கள். ‘ஆங்கிலப் பாடசாலைச் சபை, இமெர்ஷன் திட்டம்’ என்று பாடசாலையிடம் கடிதம் வாங்கி வையுங்கள்.

ஒன்ராறியோவை விட்டுப் புறப்படும் முன்பே தாள்களைச் சேர்த்துவிடுங்கள். பழைய ரிப்போர்ட் கார்ட் இல்லையென்று பதற வேண்டாம். மாணவர் கோப்பின் மற்றத் தாள்களைப் பாடசாலைகள் கழித்துவிட்டாலும், அலுவலகச் சுட்டி அட்டையை 55 வருடம் வைத்திருக்க வேண்டும். பாடசாலை மூடப்பட்டிருந்தால் சபையின் ஆவணப் பிரிவில் கேளுங்கள். பழைய ஸ்காபரோ சபை 1998இல் ரொறொன்ரோ மாவட்டச் சபையோடு இணைந்துவிட்டது. கடிதத்தில் பெயர், பிறந்த திகதி, எந்த வருடம் எந்த வகுப்பு, எந்த மொழியில் என்ற நான்கும் இருக்க வேண்டும். அதோடு உங்கள் குடியுரிமைச் சான்றிதழும், பெற்றோர் பெயர் உள்ள நீண்ட வடிவப் பிறப்புச் சான்றிதழ் பிள்ளைக்கு ஒன்றாகவும் வேண்டும்.

நம்மவர்களின் விண்ணப்பங்கள் இழுபடுவது பெயரில்தான். பாடசாலையில் அப்பாவின் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பெயர், குடியுரிமைத் தாளில் வேறு எழுத்துக்கூட்டல். கியூபெக்கில் 1981 முதல் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறப்புப் பெயரிலேயே இருக்கிறார்கள். அதனால் உங்கள் பெயர் மாற்றம் அலுவலருக்கு வழக்கமான விஷயமாகத் தெரியாது. திருமணச் சான்றிதழை முதல் நாளே சேர்த்துக் கொடுங்கள்.

பிள்ளைக்கு ஆங்கிலத்தில் படிக்க உரிமை உண்டு என்று காட்டும் தகுதிச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை நேரே ஆங்கிலப் பாடசாலைச் சபையிடம் கொடுக்க வேண்டும். வீடு லவாலில் என்றால் சேர் வில்ஃபிரிட் லோரியே சபை, மொன்றியலின் மேற்குத் தீவுப் பகுதியில் என்றால் லெஸ்டர் பி. பியர்சன் சபை, நகரத்துக்குள் பெரும்பாலும் இங்கிலிஷ் மொன்றியல் சபை. அவர்கள் கல்வி அமைச்சுக்கு அனுப்புவார்கள். மறுத்தால் 60 நாளுக்குள் கியூபெக் நிர்வாகத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. மகளைப் பிரெஞ்சுப் பாடசாலையில் விட நினைத்தாலும், அவளுக்கும் இப்போதே தகுதிச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். சான்றிதழ் பெற்ற பிள்ளை பிரெஞ்சில் படித்தாலும், சட்டத்தின் கண்ணில் ஆங்கிலத்தில் படித்ததாகவே கொள்ளப்படும். நாளைக்கு அவளுடைய பிள்ளைகளுக்கும் அந்த உரிமை போகும். 2022 சட்டத்துக்குப் பிறகு ஆங்கில சேஜெப் கல்லூரிகளில் (உயர்நிலைப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் படிப்பவை) இடம் கொடுக்கும்போது முதலிடம் இந்தச் சான்றிதழ் உள்ளவர்களுக்குத்தான்.